டெபியின் ஐந்து கேள்விகள்

மகன்,

நீ சுகமாக இருக்கிறாய் என்று தெரியும், நேற்றுப் பின்னேரம்தான் போனில் கதைத்தோம். நாங்களும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் வழக்கம்போல மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. ஆகவே இது சுகம் விசாரிக்கிற கடிதம் இல்லை. இரண்டு கிழமைக்கு முன், இறுதி ஆட்டம் முடிந்து சனம் எழும்பிப் போய்க்கொண்டிருந்தபோது நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் தெரியாது என்று சொன்னேன். எனக்குத் தெரியும். பதினாறு வருடமாக எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. சொல்லாமல் இருந்தது ஒரு பிழை என்றால், நீயே வாய் திறந்து கேட்ட பிறகும் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னது அதைவிடப் பெரிய பிழை. அந்தக் கேள்விக்குரிய பதிலை இப்போது எழுதுகிறேன்.

தமிழில் எழுதியிருக்கிறேன் என்று அலுத்துக்கொள்ளாதே. எட்டாம் வகுப்புவரை சனிக்கிழமைப் பின்னேரத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு முணுமுணுத்துக்கொண்டே போய் வந்தவன் நீ, எழுத்துக்கூட்டியாவது வாசித்துவிடுவாய். ஆங்கிலத்தில் எழுதினால் உனக்கு ஐந்து நிமிட வேலைதான். ஆனால் நான் செய்த காரியத்தைத் தமிழில் செய்தேன். ஆங்கிலத்தில் எழுதினால் அது கொஞ்சம் நாகரிகமாகத் தெரியும், அதுதான் எனக்குப் பயம். நீ கட்டப்போகிற கீர்த்தனா மலேசியாவில் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளை, உன்னைவிட நன்றாக வாசிப்பாள். ஆனாலும் அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. இந்த ஒரு விஷயத்தில் உனக்கும் எனக்கும் நடுவில் இன்னொரு வாய் வேண்டாம். ஏன் என்று போகப்போக விளங்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையில் இருந்து தொடங்குகிறேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு உன் அணி ரக்பி லீக் இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தது. தை மாதம் உனக்குக் கல்யாணம். அதற்கு முன் நீங்களும் நானும் மட்டும் ஒருநாள் என்று சொல்லி ரிக்கற் எடுத்து, மெல்பேர்னில் இருந்து எனக்கு விமானமும் பதிந்து விட்டிருந்தாய். அங்கே நாங்கள் இருக்கிற ரோவில் பகுதியில் இந்த விளையாட்டைப் பற்றிக் கேட்டால் வேற்றுக்கிரகத்து மனிதரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள், அங்கே வேறு பந்து, வேறு மைதானம். நான் அங்கே போய்க் குடியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று உனக்குச் சொன்னதில்லை. ஆட்டம் நடந்த ஹோம்புஷ் மைதான வாசலில் என் பையைச் சோதித்த பையன், அம்மா பொதி கட்டித் தந்த மரக்கறி ரோல்ஸை மணந்து பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று உண்டா என்று கேட்டான். நீ உன் அணியின் சால்வை ஒன்று வாங்கி என் கழுத்தில் சுற்றிவிட்டாய். எனக்கு உள்ளுக்குள் கூச்சமாக இருந்தது. நீ நல்லபிள்ளையாய் இருக்க இருக்க எனக்கு அந்த இடத்தில் இருக்க முடியாமல் போனது.

இடைவேளைக்கு உன் அணி நான்கு புள்ளி முன்னால் நின்றது. பிறகுதான் அந்த ஒன்பதாம் இலக்கக்காரனுக்கு அடிபட்டது. பந்தை ஒவ்வொரு முறையும் தரையில் இருந்து எடுத்துக் கொடுக்கிறவன், சின்ன வயதில் நீ நின்ற அதே இடம். எதிரணிக்காரனைக் கட்டிப்பிடிக்கக் குனிந்தவனின் தலை அவனுடைய இடுப்பெலும்பில் போய் மோதியது. எழும்பினான், இரண்டு அடி வைத்தான், முழங்கால் மடிந்து மறுபடி இருந்துவிட்டான். ஓடிவந்தவர்கள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனபோது அவன் கையை உதறினான். தனக்கு ஒன்றுமில்லை என்று விரலால் நெஞ்சைக் குத்திக் காட்டினான். வெளியே போனால் பதினைந்து நிமிடப் பரிசோதனை, தேறினால்தான் திரும்பலாம் என்று நீ எனக்கு விளங்கப்படுத்தினாய், எனக்குத் தெரியாததுபோல. மைதானம் முழுக்க அவனை வெளியே எடுத்த வைத்தியரைப் பார்த்து ஊளையிட்டது. அவன் திரும்பி வரவில்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் மற்ற அணி கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தது. உன் அணி இரண்டே இரண்டு புள்ளியால் தோற்றது.

நீ சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாய். முன் கதிரையில் இருந்த மனிதர் அந்த வைத்தியரின் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார். நீயும் ஏதாவது திட்டுவாய் என்றுதான் நினைத்தேன். நீ சொன்னாய்: “பாவம் மனிசன். ஆனா டொக்டர் செய்தது சரி அப்பா. ஃபைனல் அடுத்த வருசமும் வரும்.” பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாய்.

“அப்பா, எனக்கு அடிபட்ட அண்டைக்கு டெபி அன்ரி கேட்ட கேள்வி எல்லாத்துக்கும் நான் எப்பிடிச் சரியாப் பதில் சொன்னனான்? எனக்கு ஒண்டுமே ஞாபகம் இல்லை. நான் நடிச்சு அவவை ஏமாத்திப் போட்டனோ?”

“தெரியேல்லை மகன்” என்றேன். “அப்ப உனக்கு அவ்வளவு கலக்கம் இருக்கேல்லைப் போல.”

ரயிலில் எனக்கு இடம் பிடித்துத் தந்துவிட்டு, நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று இன்னொன்றும் சொன்னாய். கல்யாணத்துக்கு ஜோஷைக் கூப்பிட ஆசை, ஆனால் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை என்றாய். ஒன்றில் அவனுடைய தாய் டெபி கவனமில்லாமல் உன்னை மைதானத்துக்குள் விட்டாள், அல்லது நீ அவளை ஏமாற்றினாய். எது உண்மை என்று தெரியாமல் அந்த வீட்டுப் படியேற முடியாது என்றாய். ஆறு வயதில் இருந்து ஒரே கழகத்தில் ஒன்றாக விளையாடிய கூட்டாளி. உன் பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நிற்கவேண்டியவன். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சொன்ன இரண்டுமே உண்மை இல்லை, மகன்.

உன் அப்பாவின் தொழில் உனக்குத் தெரியும். ஆனால் அதன் சட்டங்களை நான் உனக்கு விளக்கமாகச் சொன்னதில்லை. மொழிபெயர்ப்பாளன் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. நோயாளி “எனக்கு நெஞ்சு நோகுது” என்றால் நானும் “எனக்கு நெஞ்சு நோகிறது” என்றுதான் சொல்லவேண்டும், “அவருக்கு” என்று சொல்லக்கூடாது. ஒரு நாளைக்கு நூறு தரம் “நான், நான்” என்று சொல்லுவேன், அதில் ஒன்றுகூட நான் இல்லை. ஆஸ்பத்திரியில், நீதிமன்றத்தில், அகதி வழக்குகளில் எல்லாம் அப்படித்தான். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் எனக்கென்று சொல்ல ஒரு வசனமும் மிஞ்சியிருக்காது. அம்மா அதை நெஞ்சழுத்தம் என்பா. நான் அதைக் களைப்பு என்று சொல்லித் தப்பிக்கொள்வேன்.

உன் விளையாட்டில்தான் நானும் ஒரு ஆளானேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டும். எங்கள் ஆட்கள் எல்லாம் பிள்ளைகளைக் கணக்கு ரியூஷனுக்கு இழுத்துக்கொண்டு திரிந்த நேரத்தில், நான் உன்னைச் சனிக்கிழமை காலையில் மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். சொந்தக்காரர் பகிடி பண்ணினார்கள். உன் பெரியம்மா, பிள்ளையைச் சண்டைக்குப் பழக்குகிறாயா என்று கேட்டா. எனக்குக் கவலையே இல்லை. கோட்டுக்கு வெளியே நின்ற அந்தப் பெரிய உருவங்கள், லொறி ஓடுகிறவர்கள், கட்டடம் கட்டுகிறவர்கள், நீ ஒருவனைப் பிடித்து விழுத்தினால் என் முதுகில் தட்டினார்கள். என் கையில் சொசேஜ் சுற்றிய பாணைத் திணித்தார்கள். உன் மகன் ஒரு சிங்கம் என்று சொன்னார்கள். என் சொந்தக் குரலில் “ஓம், அவன் என்ர மகன்” என்று சொல்ல எனக்கு ஒரு இடம் கிடைத்தது. அந்த இடத்துக்காக உன்னை விற்றேன் என்று சொன்னால் அது மிகையில்லை.

பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கான உங்கள் கழக இறுதி ஆட்டம் பிளாக்டவுனில் நடந்தது. அன்றைக்குப் பெரிய அணி ஒன்றின் இளைஞர் பிரிவுக்கு ஆள் தேட இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள் என்று காலையிலேயே கதை வந்துவிட்டது. தொப்பி போட்ட அந்த இரண்டு பேரையும் நான் விளையாட்டைவிட அதிகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் நீ ஹோம்புஷில் அந்த வெளிச்சத்துக்குள் ஓடி வருவாய், நான் மேலே இருந்து பார்ப்பேன் என்று மனதுக்குள் கட்டிவைத்திருந்தேன். இரண்டாம் பாதி தொடங்கி ஐந்து நிமிடம் இருக்காது, உன் தலை ஒருவனின் முழங்காலில் பட்டது. நீ எழும்பி நின்றாய். ஆனால் எதிரணிப் பக்கம் போய் நின்றாய். பெடியங்கள் சிரித்தார்கள். டெபி தன் மருந்துப் பையோடு ஓடிப்போய் உன்னைக் கையில் பிடித்து வெளியே கூட்டி வந்தாள்.

டெபியை உனக்குத் தெரியும், ஆனாலும் அவள் யார் என்று என் கையால் ஒருமுறை எழுதவேண்டும். ஜோஷின் தாய். பள்ளிக்கூடக் கன்ரீனில் வேலை, சனிக்கிழமையில் கழகத்துக்கு முதலுதவி. ஒரு சதம் வாங்காத வேலை. பெரியவர்களைப் பெயர் சொல்லக்கூடாது என்று நான் உன்னை அதட்டினதால் நீ அவளை டெபி அன்ரி என்று கூப்பிடப்போய், பிறகு கழகத்துப் பிள்ளைகள் முழுக்க அவளை அன்ரி என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. அவளிடம் ஒரு அட்டை இருந்தது. தலையில் அடிபட்டவனிடம் கேட்க அதில் ஐந்து கேள்விகள். இந்தக் காலமென்றால் கேள்வியே இல்லாமல் நிறுத்தியிருப்பார்கள். அன்றைக்கு எங்களிடம் அந்த அட்டைதான் இருந்தது. எந்த மைதானத்தில் நிற்கிறோம், இது முதல் பாதியா இரண்டாவதா, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன கிழமை யாரோடு விளையாடினோம், அதில் வென்றோமா.

அவள் முதல் கேள்வியைக் கேட்டாள். நீ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் கயிற்றுக்கு இப்பால் நின்றவன், கயிற்றைத் தாண்டி வந்தேன். பதற்றத்தில் இருக்கிறான், நான் தமிழில் கேட்டால் டக்கென்று விளங்கும் என்றேன். நான் ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்கிறவன் என்று அவளுக்குத் தெரியும். அவள் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். அந்த நகர்வை நான் இன்றுவரை மறக்கவில்லை. நம்பிக்கை வைத்துத்தான் ஒரு மனிசி அப்படி இடம் விடுவாள்.

“எந்த மைதானம் எண்டு கேக்கிறா. பிளாக்டவுன் எண்டு சொல்லு” என்றேன். நீ பிளாக்டவுன் என்றாய். “எந்தப் பாதி எண்டு கேக்கிறா. செக்கண்ட் எண்டு சொல்லு.” சொன்னாய். இப்படி ஐந்தையும் கேட்டேன், ஐந்தையும் நானே சொல்லிக் கொடுத்தேன். தமிழுக்குள் நான் கலந்த பெயர்களைக் கேள்வியின் பகுதி என்றுதான் டெபி எடுத்தாள். மூன்றாவதில் டெபி சிரித்துக்கொண்டே, நான் நாலு சொல்லில் கேட்பதை நீ ஏன் இவ்வளவு நீட்டிக் கேட்கிறாய் என்றாள். தமிழ் கொஞ்சம் நீளமான பாஷை என்றேன். அதற்கும் சிரித்தாள். சிறு வயதில் நான் வாய்ப்பாடு சொல்லச் சொல்லப் பின்னால் சொல்வாயே, அதே குரலில் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாய். வீட்டுக்கு வெளியே தமிழில் ஒரு சொல் கேட்டாலே முகம் சிவக்கிற வயது உனக்கு. அன்றைக்கு அத்தனை பேருக்கு முன்னால் கூச்சமே இல்லாமல் நின்றாய். அதை வைத்தே நான் உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும்.

ஐந்தாவது பதிலுக்குப் பிறகு நீ ஒரு வசனம் சொன்னாய். ஒருவரும் கேட்காமல், நான் சொல்லிக் கொடுக்காமல், தமிழில், நீயாகச் சொன்ன ஒரே வசனம் அது. அவன் என்ன சொல்கிறான் என்று டெபி கேட்டாள். நான் ஒன்று சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு அவள் உன் தோளில் தட்டி உன்னைத் திருப்பி உள்ளே அனுப்பினாள். அந்த வசனத்துக்குக் கடைசியில் வருகிறேன். இப்போதே எழுதினால் இந்தக் கடிதத்தை முடிக்க எனக்குத் தென்பு இருக்காது.

மிச்சம் உனக்குத் தெரிந்ததுதான், மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. பத்து நிமிடத்தில் இரண்டாவது அடி. அதிகம் பலமில்லாத அடி. நீ எழும்பவில்லை. அம்புலன்ஸ் புல்லுக்குள் வந்தது. தொப்பிக்காரர் இரண்டு பேரும் எப்போது போனார்கள் என்று தெரியாது. ஆஸ்பத்திரியில் இளம் வைத்தியர் ஒருவர், இதற்கு முன்னால் இன்றைக்குத் தலையில் ஏதும் பட்டதா என்று என்னிடம் கேட்டார். நான் சொன்ன பதிலை எழுத்துக்கு எழுத்து எழுதுகிறேன்: சின்னதாக ஒன்று பட்டது, கழகத்து முதலுதவிக்காரி பரிசோதித்துவிட்டு நல்லாக இருக்கிறான் என்று விட்டாள். அந்த வசனத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. முப்பது வருட அனுபவத்தில் நான் அவ்வளவு சாமர்த்தியமாக ஒரு வசனம் கட்டியது கிடையாது.

அதோடு விட்டேனா, அதுவும் இல்லை. டெபிமேல் கழகத்துக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் போனதாக நீ கேள்விப்பட்டிருப்பாய். அதை எழுதியது நான். மூன்று பந்தி, நல்ல ஆங்கிலம், ஒரு எழுத்துப்பிழை இல்லை. யாரும் என்னைக் கேட்பதற்கு முதல் நான் ஒருவரைக் கேட்டுவிட வேண்டும் என்ற பயத்தில் எழுதினேன். டெபியைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். தான் ஐந்து கேள்வியும் கேட்டதாகவும், ஐந்துக்கும் சரியான பதில் வந்ததாகவும் அவள் சொன்னாளாம். தகப்பன்தான் மொழிபெயர்த்தார் என்றும் சொன்னாளாம். ஆனால் என்னில் சந்தேகம் என்று அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவளுக்கு என்மேல் சந்தேகமே வரவில்லை, தன்மேல்தான் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு அவள் அந்தப் பையைத் தொடவில்லை. அடுத்த வருடம் ஜோஷும் விளையாட வரவில்லை.

அடிபட்ட பிறகு இரண்டு வருடம் நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். அறையில் திரையை மூடிக்கொண்டு கிடந்தாய். தலையிடிக்கிறது, புத்தகத்தைத் திறந்தால் எழுத்து அசைகிறது என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும், அது அடிபட்டதற்குப் பிறகு நடந்ததுதானே. படிக்கப் பஞ்சி, சரியான சோம்பேறி, அதுக்குத் தலையிடி ஒரு சாட்டு என்றேன். உன் பெரியம்மா வீட்டில் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். நீ சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனாய். உன் தலையிடியை நம்பினால் அதன் காரணத்தையும் நான் நம்ப வேண்டி வரும், அதனால் உன்னைக் கள்ளனாக்கினேன். பல்கலைக்கழகம் போகாமல் நீ மின்சார வேலை பழகப் போனாய். இன்றைக்கு நாலு பேருக்கு வேலை கொடுக்கிறாய். அதில் எனக்கு நிறையப் பெருமை. ஆனால் அந்தப் பெருமையில் எனக்கு ஒரு பங்கும் இல்லை.

ரோவிலுக்கு வீடு மாறியது அம்மாவின் தங்கைக்குக் கிட்ட இருக்க என்று எல்லோருக்கும் சொன்னோம். உண்மையில் நாங்கள் முந்தி இருந்த துங்காபியின் கடைத்தெருவில் டெபியை இரண்டு தரம் கண்டேன். இரண்டாம் தரம் அவள் உன்னைச் சுகம் விசாரித்தாள். அந்தக் கிழமையே அம்மாவிடம் மெல்பேர்ன் கதையைத் தொடங்கினேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாபகமறதிப் பரிசோதனைக்கு மொழிபெயர்க்கப் போனேன். யார், எங்கே என்று சொல்லக்கூடாது, சொல்லமாட்டேன். வைத்தியர் ஒரு மனிதரிடம் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். பக்கத்தில் இருந்த மனைவி வாய்க்குள் “புதன்” என்றார். நான் நிமிர்ந்து இருந்து, மனைவி புதன் என்று சொல்லிக் கொடுக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மா என்னைப் பார்த்து, “என்ன தம்பி, இப்பிடிக் காட்டிக் குடுத்துப் போட்டியள்” என்றார். சட்டப்படி நான் செய்தது சரி. காரில் வந்து இருந்த பிறகுதான் பிளாக்டவுன் ஞாபகம் வந்தது. அவர் பயத்தில் செய்தார். நான் ஆசையில் செய்தேன். அவரைக் காட்டிக் கொடுக்க எனக்கு ஒரு நொடிதான் எடுத்தது.

கல்யாணம் செய்யப்போகிறவனுக்கு அப்பா புத்தி சொல்வது வழக்கம். என்னிடம் மிஞ்சியிருப்பது ஒன்றுதான்: கீர்த்தனாவுக்காக நீ பதில் சொல்லாதே. போன மாதம் வீட்டுக்கு வந்தவர்கள் அம்மாவிடம் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டார்கள். அவவுக்கு வேண்டாம் என்று நான் வழக்கம்போலச் சொன்னேன். “எனக்கு வேணும்” என்றா அம்மா. முப்பத்திநாலு வருடத்தில் முதல் தரம். எத்தனை கோப்பை தேத்தண்ணியை நான் இப்படி மறித்திருப்பேனோ தெரியாது. அன்பு இருக்கிற இடத்தில்தான் இந்தத் திருட்டு சுலபமாக நடக்கும், யாரும் பையைச் சோதிக்கமாட்டார்கள்.

இறுதி ஆட்டத்துக்கு அடுத்த நாள் திங்கட்கிழமை, விடுமுறை. கோயிலுக்குப் போட்டு வாறன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு நான் போனது துங்காபிக்கு. அதே வீடு, அதே பச்சைக் கேற். டெபி வெளியே குப்பை வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் முதலில் உன்னைத்தான் விசாரித்தாள். நான் கேற்றுக்கு இப்பால் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேள்வியை மொழிபெயர்க்கிறேன் என்று பதிலைச் சொல்லிக் கொடுத்தது, ஆஸ்பத்திரியில் சொன்னது, முறைப்பாட்டுக் கடிதம், எல்லாம். அவள் தண்ணிக் குழாயை நிறுத்த மறந்துபோய் நின்றாள். செருப்பெல்லாம் நனைந்தது. பதினாறு வருடம், அட்டையில் எந்தக் கேள்வியை விட்டேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பிறகு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். கடைசியில் அவன் ஏதோ சொன்னானே, நீயும் எனக்கு மொழிபெயர்த்தாயே, அவன் உண்மையில் அதைத்தான் சொன்னானா? அதை முதலில் என் மகனுக்குத்தான் சொல்லவேண்டும் என்றேன். அவள் குழாயைப் பூட்டிவிட்டு வந்து சொன்னாள்: “அப்ப அவனுக்குச் சொல்லு. அவன் வந்து எனக்குச் சொல்லட்டும். உன் வாயால் கேட்டது எனக்குப் போதும்.”

அம்மாவுக்கு முந்தாநாள் குசினியில் வைத்துச் சொன்னேன். அடுப்பை நிறுத்திவிட்டுக் கதிரையை இழுத்து இருந்தா. பிறகு, “அவனுக்கு எழுதுங்கோ. போனில சொல்லாதேங்கோ, போனில நீங்கள் வடிவாக் கதைச்சுச் சமாளிச்சுப் போடுவியள்” என்றா. என்னை என்னைவிட நன்றாக அவவுக்குத் தெரியும்.

கல்யாண வீட்டில் என்னை எங்கே நிறுத்துவது என்பதை நீ தீர்மானி. மணவறைக்குப் பக்கத்திலா, கடைசி வரிசையிலா, எதுவானாலும் எனக்குச் சம்மதம். ஆனால் அழைப்பிதழை எடுத்துக்கொண்டு நேரே அந்தப் பச்சைக் கேற்றுக்குப் போ. நீ யாரையும் ஏமாற்றவில்லை. டெபி அன்ரி கவனமில்லாமல் இருக்கவில்லை. அதை அவளிடம் சொல்லும்போது கீழே எழுதுவதையும் அப்படியே சொல்லு, நீயே ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்லு. இந்த மொழிபெயர்ப்பை நீ செய்வதுதான் சரி.

நீ அடிபட்ட பிறகும் விளையாட ஆசைப்பட்டு நின்றாய் என்றுதான் ஊர் முழுக்க நம்பியது, உன் அம்மா நம்பினா, நீயும் நம்பிக்கொண்டிருக்கிறாய். நீ ஆசைப்படவில்லை, மகன். ஐந்தாவது பதிலைச் சொல்லி முடித்துவிட்டு, என் சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு நீ சொன்னது இதுதான்:

“அப்பா, வீட்டை போவம்.”

டெபிக்கு நான் சொன்னது: தான் திரும்ப விளையாட வேணுமாம்.

இதில் நான் ஒன்றும் கூட்டவில்லை. ஒன்றும் குறைக்கவில்லை.

அப்பா